மூக்குத்திக்கு வந்த சோதனை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு ஓர் இன்சூரன்ஸ் தம்பி வந்தார். மாத்தளை வெயிலில் டை கட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்டப் படியேறி வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டுவிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. டீயைக் குடித்தவர் தெம்பாகிவிட்டார்.

ஆயுளுக்கு வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வேண்டாம் என்றேன். இல்லாத மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டாம் என்றேன். கடைசியில் என் கழுத்தைப் பார்த்தார்.

"காலம் சரியில்ல ஆன்டி. நகையெல்லாம் ஒருக்கா வெலுவேஷன் பண்ணி இன்சூர் பண்ணிட்டீங்கன்னா நிம்மதியாத் தூங்கலாம்."

என் தூக்கத்துக்கு எதிரி திருடன் இல்லை தம்பி, இதோ வராந்தாவில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இவருடைய குறட்டைதான் என்று சொன்னேன். பேப்பர் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவருக்குப் பேப்பர் ஒரு கோட்டை. அதற்குள் போய்விட்டால் குண்டு போட்டாலும் வெளியே வரமாட்டார்.

சரி, மதிப்புப் போடுவதில் என்ன நஷ்டம்? கேட்கட்டும் என்று விட்டேன். தோடு எத்தனை, வளையல் எத்தனை, கல் வைத்ததா, வைக்காததா... தம்பி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்.

"வீட்டுல இல்லாம, வேற எடத்துல இருக்கிற நகை ஏதும் உண்டா ஆன்டி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, அடக்க அடக்க மூக்கு வழியாக வரும் சிரிப்பு. தம்பி பயந்துபோய்த் தன் டையைத் தடவிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் ஏன் சிரித்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் அந்தத் தம்பி மாதிரி முழிப்பீர்கள்.

பல வருஷத்துக்கு முந்திய கதை இது. அப்போது நாங்கள் ரத்தோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடைத்தெருவில் குடியிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் ரிவர்ஸ்டன் மலை. பார்க்கலாம் என்றுதான் பெயர், பாதி நாள் மூட்டத்தில் மலையே இருக்காது. நான் அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் தபால் கந்தோரில் வேலை. அதோடு கடைத்தெரு அம்மன் கோயிலுக்குக் காரியதரிசியும் இவர்தான்.

இவர் காரியதரிசியானால் எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உண்டியலில் போடுகிற சில்லறைக்கும் ரசீது வாங்கிக்கொண்டு போகச் சொல்கிற மனிதர்.

நாட்டில் ஆட்கள் காணாமற்போன காலம் ஒன்று வந்துபோனதே, அது முடிந்து கொஞ்ச நாள்தான். பயம் முடிந்தாலும் பழக்கம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் கதவடைப்பு. கோயிலில் வைத்தால் ஆபத்து என்று அம்மனின் நகைப்பெட்டி அந்தப் பயங்கரக் காலத்தில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு வந்தது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை. சாவிக்கு உரியவர் இவர். ஆனால் பகலெல்லாம் இவர் தபால் கந்தோரில். சாவி வீட்டில். வீட்டில் என்றால் யாரிடம்? அதேதான்.

அந்த நேரத்தில் பக்கத்து ஊர்க் கோயிலை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கோயில் சபை கூடியது. இவர் எழுந்து, அம்மன் நகைக்கு இன்சூரன்ஸ் போட வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இன்சூரன்ஸ் என்றால் ஒரு காகிதத்தில் கையெழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். கண்டியிலிருந்து வெலுவர் ஒருவர் வரப்போகிறார். ஒவ்வொரு நகையையும் உரைகல்லில் உரசி, தராசில் நிறுத்து, எது தங்கம், எது எத்தனை கரட் என்று எழுதப்போகிறார். நகை கொடுத்த உபயகாரர்கள் எல்லாரும் அன்றைக்குக் கட்டாயம் வந்து நிற்க வேண்டும்.

நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். சுண்டல் வாங்கக் கை நீட்டிக்கொண்டிருந்த கராம்பு முதலாளியின் கை அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி தேய்ந்திருக்கும்.

கராம்பு முதலாளிக்குக் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிற வியாபாரம். அம்மனுக்கு ஒட்டியாணம் செய்து போட்டவர். அந்த ஒட்டியாணத்தை அம்மன் கட்டியதைவிட லவுட்ஸ்பீக்கர் கட்டியதுதான் அதிகம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் 'தங்க ஒட்டியாண உபயகாரர்' என்று கேட்டுக் கேட்டு எங்கள் தெரு நாய்களுக்குக்கூடப் பாடம். டிஸ்பென்சர் ஐயா அவ்வளவு சத்தம் போடாதவர். அவருடைய உபயம் ஒரு பதக்கம்.

மறுநாள் காலையில் குசினிப் பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. முதலாளியின் மனைவி, ராசாத்தி அக்கா. ஒட்டியாணம் கொஞ்சம் கறுத்துப்போன மாதிரி இருக்கிறதாம். வெளியூர் ஆள் பார்க்கும்போது அம்மனுக்கு அசிங்கமாம். ஒரு பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து தருகிறார்களாம்.

இவரிடம் கேட்டேன். உருகிவிட்டார் மனிதர். "பார்த்தியா, உபயகாரருக்குத்தான் உண்மையான அக்கறை இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கச் சொன்னார்.

கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஒட்டியாணம் பளபளவென்று திரும்பி வந்தது. போகும்போது ஒரு கையால் தூக்கிக் கொடுத்த சாமான் அது. வாங்கும்போது இரண்டு கை வேண்டியிருந்தது. எந்த ஊர்ப் பாலிஷ் அப்படிப் பாரம் வைக்கும்? "நல்லா மின்னுது அக்கா" என்று மட்டும் சொன்னேன். ராசாத்தி அக்காவும் என்னைப் பார்க்காமல் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது டிஸ்பென்சர் ஐயா. அவர் முன்வாசலால் வந்தார், ஆனால் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, இவர் கந்தோரிலிருந்து வருவதற்கு முன் வந்தார். பதக்கமும் கறுத்துவிட்டதாம். பதக்கம் பாலிஷ் போட்டுத் திரும்பி வந்தபோது, கூடவே எனக்கு ஒரு போத்தல் இருமல் மருந்தும் வந்தது. எனக்கு இருமலே இல்லை!

இதையெல்லாம் எனக்கு உறுதிப்படுத்தியவர் மாத்தளை டவுனில் நகைக்கடை வைத்திருந்த ஹாஜியார். என் தோட்டின் கொக்கி உடைந்து, ஒட்டக் கொண்டுபோயிருந்தேன். வேலை செய்துகொண்டே ரகசியம் மாதிரிக் கேட்டார். "டீச்சர், உங்கட கோயில்ல என்ன விசேஷம்? அந்தப் பக்கத்து ஆக்கள் பித்தளைச் சாமானக் கொண்டுவந்து, இதே மாதிரிப் பவுண்ல செஞ்சு தாங்கன்னு கேக்குறாங்க."

வெலுவர் வருகிறார் என்றேன். ஹாஜியார் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப வருஷா வருஷம் வரச் சொல்லுங்க" என்றார்.

நினைத்துப் பாருங்கள். ஐயர் வருஷம் முழுக்கத் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் சொல்லி நடக்காதது, கண்டியிலிருந்து ஒருவர் உரைகல்லோடு வரப்போகிறார் என்ற ஒரு வார்த்தையில் நடந்துவிட்டது. பயம் அம்மனிடம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனிடம். எனக்கோ தினம் தினம் கொண்டாட்டம். இவர் ஒன்றும் தெரியாமல் உபயகாரர்களின் பக்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் குசினியில் நின்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் மறுபடியும் குசினிக் கதவு தட்டப்பட்டது.

பாக்கியம் நின்றாள். மேல் தோட்டத்து லயத்தில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மழையில் நனைந்து வந்திருந்தாள். அடுத்த பாலிஷா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. நல்ல காலம், சொல்லவில்லை.

பாக்கியத்தின் உபயம் ஒரு மூக்குத்தி. கல் இல்லாத சின்னப் பூ. அது வந்த கதை ஊருக்கே தெரியும். அவளுடைய மகன் செல்வத்தை அந்தக் கெட்ட காலத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். யார் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது, ஒன்றும் தெரியாது. எத்தனையோ வாசலில் போய் நின்றாள். எந்த வாசலிலும் பதில் இல்லை. கடைசியில் அம்மன் வாசலில் நின்று, தன்னிடமிருந்த ஒரே நகையை நேர்ந்துகொண்டாள். பையன் திரும்பி வந்தான். மெலிந்து, பேச்சுக் குறைந்து, ஆனால் உயிரோடு வந்தான். அன்றைக்கே மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, மூக்குத் துளை தூர்ந்துபோகாமல் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் மூக்கில் நான் பார்த்ததெல்லாம் அந்தக் குச்சிதான். மூக்குத்தி ஒரு சின்னத் தகர டப்பாவில், அம்மனின் நகைப்பெட்டியில் இருந்தது.

உள்ளே வா என்றேன். வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"மூக்குத்தியக் கழட்டின எடத்துல பச்சையா இருந்துச்சுங்க டீச்சரம்மா. கழுவினாலும் போகல. தங்கம்னா பச்சை புடிக்காதுன்னு லயத்துல சொல்றாங்க" என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "பித்தளையக் குடுத்தா எம்புள்ளய வாங்கிட்டு வந்துட்டேன்?"

என் சிரிப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. செல்வத்துக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை சரியாகியிருந்தது. கடைக்காரர் வரச் சொல்லிக் காத்திருந்தார். பாக்கியம் அனுப்பவில்லை. நேர்த்திக்கடன் பொய்யென்றால் அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாள், பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டால் மறுபடி இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் கணக்கு இது. காரணத்தை மகனிடம் சொல்லவும் பயம். அவனோ அம்மா வேண்டுமென்றே தடுக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு, அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டானாம்.

ராசாத்தி அக்காவும் டிஸ்பென்சர் ஐயாவும் மாற்றி வைத்துவிட்டார்கள். இவள் எதை வைத்து மாற்றுவாள்? மாற்ற வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் பித்தளை என்று சொன்னால் சொல்லட்டும், தூக்கி மட்டும் எறிந்துவிட வேண்டாம், வேறு வாங்கிப் போடும்வரைக்கும் அம்மன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று இவரிடம் சொல்லிவைக்கும்படி கேட்டாள். இதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

அது தங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதே என்றேன்.

"நீங்க சொன்னா தங்கமாயிருமுங்களா?" என்றாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி.

அவள் போனபின் நான் அலுமாரியைத் திறந்தேன். என் மூக்கில் அம்மா போட்டுவிட்ட மூக்குத்தி இருந்தது. அதுவும் கல் இல்லாத சின்னப் பூதான். அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, அவளுடையதை எடுத்துவிடலாம் என்பதுதான் திட்டம். போட்டுவிட்டேன். ஆனால் அவளுடையதை எடுக்கக் கை வரவில்லை. நேர்ந்து கொடுத்தது அல்லவா? இரண்டும் இருக்கட்டும், நல்லதாக ஒன்றை அந்த வெலுவர் அவள் பேரில் எழுதிக்கொள்ளட்டும் என்று மூடிவிட்டேன். யோசித்துச் செய்த காரியமா? இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

கிணற்றடிக்குப் போய் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து மூக்கில் செருகிக்கொண்டேன். மூக்குப் புண் என்று இவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகையெல்லாம் பார்த்துவைத்தேன். இவர் கேட்டால்தானே! வந்தார், சாப்பிட்டார், பேப்பருக்குள் போய்விட்டார். நான் மூக்கில் உலக்கையைச் செருகியிருந்தாலும் கவனித்திருக்க மாட்டார் என்று எனக்கு அன்றைக்கு ஆத்திரமே வந்தது.

அதற்குப் பிறகு ராசாத்தி அக்கா இன்னொரு தடவை வந்தார், ஒட்டியாணத்தின் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்க்க. டிஸ்பென்சர் ஐயாவும் வந்தார், பதக்கத்தின் வளையத்தைப் பார்க்க. இரண்டு பேருமே குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். இரண்டு தடவையும் பெட்டியைத் திறந்தபடி வைத்துவிட்டு நான் குசினிக்குப் போய் வந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வெலுவர் வருகிற நாளும் வந்தது.

சிங்களவர். எல்லாரும் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர், தமிழ் நன்றாகப் பேசினார். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, தராசு, உரைகல், சின்னப் போத்தலில் திராவகம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார். ஊரே வந்து நின்றது. நான் ராசாத்தி அக்காவைத் தேடி அவர் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தவள் அப்படியே விறைத்துப்போனேன்.

ராசாத்தி அக்காவின் மூக்கில் வேப்பங்குச்சி!

சாதாரண மூக்கா அது? வெள்ளைக்கல் பதித்த மூக்குத்தியோடு தெருமுனையில் வரும்போதே மின்னுகிற மூக்கு. அவர் என் மூக்கைப் பார்த்தார். நான் அவர் மூக்கைப் பார்த்தேன். இரண்டு பேரும் அவசரமாக அம்மனைக் கும்பிட்டோம். கும்பிட்டுவிட்டுக் கண் திறந்தால் எதிரே டிஸ்பென்சர் ஐயாவின் மனைவி. அவர் மூக்கிலும் குச்சி. தூணோரமாகப் பாக்கியம். அவள் மூக்கில் எப்போதும் உள்ள குச்சி.

வெலுவரும் நிமிர்ந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு இவர் பக்கம் குனிந்து, இந்தப் பகுதியில் பெண்களுக்கு மூக்கில் ஏதாவது வியாதி பரவுகிறதா என்று கேட்டார். இவர் யார் மூக்கையும் பார்க்காமலே, இல்லை மாத்தயா, அது எங்கள் ஆட்களுடைய பழக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

ஒட்டியாணம் உரைகல்லில் ஏறியது. தங்கம். கராம்பு முதலாளி விட்ட மூச்சில் சூடம் அணைந்திருக்கும். பதக்கம் ஏறியது. அதுவும் தங்கம். டிஸ்பென்சர் ஐயா கண்ணாடியைத் துடைத்தார். இவருக்கு முகமெல்லாம் பெருமை.

அப்புறம் தகர டப்பா. "மூக்குத்தி ஒன்று. உபயம், பாக்கியம்" என்று இவர் வாசித்தார். வெலுவர் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார்.

நாலு மூக்குத்தி விழுந்தது.

இவர் டப்பாவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். தபால் கந்தோரில் ஒரு முத்திரை குறைந்தாலே சாப்பிடாத மனிதர். இங்கே கூடியிருக்கிறது! கராம்பு முதலாளி கைகூப்பி, "எல்லாம் அம்மனோட சக்திங்க" என்றார்.

"சக்திக்கு ரசீது இல்லையே முதலாளி" என்றார் இவர்.

முதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தவர், நாலில் ஒன்றாகக் கிடந்த வெள்ளைக்கல் மூக்குத்தியைக் கொஞ்சம் கிட்டப் பார்த்தார். பிறகு தன் மனைவியின் மூக்கைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பாக்கியம் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. கோயிலில் வைத்து ராசாத்தி அக்காவிடமும், மருந்தெடுக்கப் போன இடத்தில் டிஸ்பென்சர் ஐயாவிடமும் தனித்தனியாகக் கேட்டிருப்பாள். நாங்களும் சொன்ன சொல் தவறாமல் ஒருவரிடம் ஒருவர் மூச்சுக்கூட விடவில்லை. பித்தளை ஒட்டியாணத்தை ரகசியமாக மாற்றிய அதே கை, இன்னொரு ரகசியத்தையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது. மனிதர்களை என்னவென்று சொல்வது?

இதில் உபயகாரருடையது எது என்று வெலுவர் கேட்டார். எல்லாரும் தூணோரம் பார்த்தார்கள். பாக்கியம் மேசைக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் நாலு மூக்குத்தி. மூன்று நிச்சயம் தங்கம். ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பளபளப்பாக இருக்கிறதைத் தொடடி, என்னுடையதையாவது தொடடி என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

தொடுவாளா? மங்கிப்போய்க் கிடந்த தன்னுடையதைத்தான் எடுத்தாள்.

"இதுதானுங்க. நல்லாப் பாருங்க ஐயா. பொய்யா இருந்தாலும் சொல்லிருங்க."

வெலுவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, திருகாணியைக் கழற்றித் தனியாக வைத்தார். பூவைக் கல்லில் உரசினார். திராவகத்தைத் தொட்டு வைத்தார். நான் ராசாத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தபடியாகத் திருகாணியை உரசிப் பார்த்தார்.

"பூ தங்கம். நல்ல தங்கம்" என்றார். "திருகாணிதான் பித்தளை. எப்பவோ மாத்தியிருக்கு."

பாக்கியத்துக்கு உடனே விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. கலியாணமான புதிதில் கொழுந்து எடுக்கும்போது திருகாணி எங்கேயோ மலையில் விழுந்துவிட்டது. மாத்தளைத் தேருக்குப் போனபோது ஒரு வளையல்காரனிடம் வேறொன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். போட்டதை அங்கேயே மறந்தும் விட்டாள். பச்சை பிடித்தது அந்தத் திருகாணியால்.

"அப்ப நாங் குடுத்தது தங்கந்தானுங்களா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். தங்கம்தான் என்றார் மாத்தயா. முதலில் அவரைக் கும்பிட்டாள், அப்புறம்தான் அம்மனைக் கும்பிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

மிச்சம் மூன்று மூக்குத்தி மேசையில் கிடந்தது. யாருடையதோ, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் வெலுவர்.

ராசாத்தி அக்கா கோயில் மணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்பென்சர் ஐயா கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். நான் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தேன். எப்படிப் போய் எடுப்பது? இது என்னுடையது என்று கையை நீட்டினால், உன்னுடையது பித்தளை என்று நானும் நினைத்தேன் என்று பாக்கியத்தின் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. அவள் அப்போதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் நகரவில்லை.

பாக்கியம் தரையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினாள். மேசையில் கிடந்த மூன்று மூக்குத்தியைப் பார்த்தாள். எங்கள் மூன்று மூக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக என்னுடையதை. பிறகு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

உரிமை கோரப்படாத பொருளுக்குத் தபால் கந்தோரில் ஒரு சட்டம் இருக்கிறதாம். அதன்படி இவர் மூன்றையும் அம்மன் பெயரிலேயே எழுதிவிட்டார். பாக்கியத்தின் மூக்குத்திக்கு மட்டும் கொஞ்ச நாளில் ஒரு தங்கத் திருகாணி வந்து சேர்ந்தது. வாங்கிப் போட்டவர் இவர். அதற்கு ரசீது எதுவும் நான் பார்க்கவில்லை.

இன்சூரன்ஸா? இரும்புப் பெட்டி வேண்டும், காவல்காரன் வேண்டும், தேரன்றைக்கு அம்மன் நகையோடு வெளியே போகக் கூடாது என்று கம்பெனி எழுதியது. வெளியே போகாத தேர் என்ன தேர்? சபை அதைக் கைவிட்டது.

செல்வத்தை அந்தக் கிழமையே பாக்கியம் கையைப் பிடித்துக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இப்போதும் வழியெல்லாம் செக் பாயிண்ட்தான், இறங்கி ஏறி இறங்கி ஏறித்தான் வர வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கிவிடுகிறான். திருவிழா அன்றைக்கு அம்மன் மூக்கில் பாக்கியத்தின் மூக்குத்திதான். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஐயர் எங்கள் மூன்றையும் முறை வைத்துப் போடுகிறார். என் முறை வருகிற வெள்ளிக்கிழமை நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போவேன். தன் முறைக்கு ராசாத்தி அக்கா பட்டே கட்டிக்கொண்டு வருவார். நாங்கள் மாத்தளை டவுனுக்குக் குடிவந்த பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. அந்த மூக்குத்திகளைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது அந்த டை கட்டிய தம்பிக்கு வருவோம். வீட்டில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கிற நகை ஏதும் உண்டா என்று கேட்டாரே... நான் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படி ஒன்றுமில்லை தம்பி என்று சொல்லப்போனேன்.

வராந்தாவில் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது.

"எழுதிக்குங்க தம்பி" என்றார் இவர். "மூக்குத்தி ஒண்ணு. கல் இல்லாதது. கோயில்ல இருக்கு."

பேப்பர் மறுபடியும் மேலே ஏறிவிட்டது. நான்தான் மூக்கைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்... மனிதர் பார்த்திருக்கிறார்!